சல்புடியமின்: இரண்டு தயமின், ஒரு கந்தகப் பூட்டு

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள மெடிக்கல்களில் ஷிப்ட் விடும் நேரத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "அண்ணா, உடம்பு அசந்து அசந்து வருது, தெம்புக்கு ஏதாச்சும் குடுங்க." கடைக்காரர் எதுவும் விசாரிக்காமல் பி காம்ப்ளெக்ஸ் அட்டையில் பத்து மாத்திரை கத்தரித்துக் கொடுப்பார். மறுநாள் மூத்திரம் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். வாங்கியவருக்கு மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். அந்த மஞ்சள், அட்டையில் இருக்கிற பி2 வைட்டமினின் நிறம். உடம்புக்குத் தேவைப்படாத பங்கு வெளியே போகிறது, அவ்வளவுதான்.

கைபேசியில் தேடிப் படிப்பவர்கள் கேட்கிற பெயர் வேறு: சல்புடியமின். சோர்வைப் போக்கும், ஞாபகத்தைக் கூட்டும், படிப்பில் மனம் நிற்கும் என்று இணையக் கடைகள் விற்கிற பொருள். பி1 வைட்டமினான தயமினிலிருந்து ஆய்வுக்கூடத்தில் செய்தது. இயற்கையில் எங்கும் கிடைக்காது. பிரான்ஸில் இது மருந்து. செர்வியே நிறுவனம் ஆர்காலியான் என்ற பெயரில் 200 மில்லிகிராம் மாத்திரையாக விற்றுவந்தது. அமெரிக்க இணையக் கடைகளிலோ இது சப்ளிமென்ட். காப்ஸ்யூலாகவும் வெறும் பொடியாகவும் கிடைக்கிறது. ஒரே பொருள் ஒரு நாட்டில் மருந்தாகவும் இன்னொரு நாட்டில் புரோட்டீன் பவுடர் பக்கத்திலும் இருப்பதால், இதைப் பற்றிய பேச்சும் இரண்டு விதமாக நடக்கிறது.

தயமின் குறைவாக இருக்கிற உடம்புக்குத் தயமினைக் கொண்டுபோய்ச் சேர்க்க இது நல்ல வண்டி. குறைவே இல்லாதவருக்கு மூளையைக் கூர்மையாக்கும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று கிடையாது. ஆகவே மாத்திரையின் விலையைக் கேட்பதற்கு முன்னால், தனக்கு இருப்பது எந்தச் சோர்வு என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில் பி1 இல்லை.

அரிசியைத் தீட்டியதில் தொடங்கிய கதை

நாம் சாப்பிடும் மாவுச்சத்து குளுக்கோஸாகி, பைருவேட் வரை உடைந்து, அதற்குப் பிறகு செல்லின் உலைக்குள் போய் எரிய வேண்டும். உலையின் வாசலில் நிற்கிற நொதிக்குத் தயமின் இல்லாமல் கதவு திறக்கத் தெரியாது. தயமின் குறைந்தால் பைருவேட் உள்ளே போகாமல் லாக்டிக் அமிலமாகத் தேங்கும். முதலில் அடி வாங்குவது சர்க்கரையை ஓயாமல் எரிக்கிற மூளை, நரம்பு, இதயம். கால் மரத்துப்போவது, படியேறினால் நெஞ்சு படபடப்பது, பசியின்மை, எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாமல் போவது என்று வரிசையாக வரும். முற்றினால் அதன் பெயர் பெரிபெரி.

இந்த நோய் ஆசியாவில் பெருமளவு பரவியதற்கு அரிசி மில் ஒரு பெரிய காரணம். தயமின் இருப்பது தவிட்டிலும் முளைக்கருவிலும். மில் அவை இரண்டையும் தீட்டித் தள்ளிவிட்டு வெள்ளை அரிசியைக் கொடுத்தது. ஜப்பானியக் கடற்படையின் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் 1882-83 பயணத்தில் 376 பேரோடு போனது; 169 பேருக்குப் பெரிபெரி வந்து 25 பேர் இறந்தார்கள். உணவை மாற்றி அடுத்த கப்பலை அனுப்பி, நோயைக் கிட்டத்தட்ட ஒழித்துக் காட்டினார் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ. காரணம் புரதக்குறைவு என்று அவர் நினைத்தது தவறு, ஆனால் வைத்தியம் சரியாக அமைந்துவிட்டது. ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டு அதே மாதிரி நோயை வரவைத்தார். 1926-ல் அதே ஜாவாவில் டச்சு ஆய்வாளர்கள் யான்சனும் டோனாத்தும் தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936-ல் அதன் அமைப்பைக் கண்டு செயற்கையாகச் செய்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கர் என்றாலும் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்.

அதே மாகாணத்தில் ஒரு புதிர் இருந்தது. ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. தமிழ் மாவட்டங்களில் அரிசி தின்றும் அது அரிது. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் வேலைகள் இதற்கு விடை தந்தன. அங்கே பச்சரிசி, இங்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதற்கப்புறம் தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் சுமார் 0.05 மில்லிகிராம் என்றால், தீட்டிய புழுங்கலில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

ராகி விஷயம் இன்னும் வேடிக்கை. அதன் தோல் உள்பருப்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பதோ மிருதுவான மாவு. அரிசியைப் போலத் தீட்டப் போனால் தவிடு தனியாகக் கழன்று வராது, தானியமே நொறுங்கிவிடும். அதனால் தோலோடு சேர்த்து அரைப்பதைத் தவிர வழியில்லை. 100 கிராம் ராகி மாவில் தயமின் 0.4 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கொள்ளிலும் கிட்டத்தட்ட அவ்வளவு. நிலக்கடலையில் அதைவிட அதிகம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன நாள் அளவு, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 1.4, மிதமாக உழைப்பவருக்கு 1.8, கடுமையாக உழைப்பவருக்கு 2.3 மில்லிகிராம். காலையும் மாலையும் களி, தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல், நடுவே ஒரு கை வேர்க்கடலை என்று இருந்த பழைய தருமபுரிச் சாப்பாடு இந்தக் கணக்கைப் பெரும்பாலும் கட்டிவிடும். அதே ஆள் ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, வடித்த பச்சரிசிச் சோறும் மைதா பரோட்டாவும் டீயுமாக இருந்தால் கணக்கு உதைக்கும். 400 கிராம் தீட்டிய பச்சரிசி முழுதாகச் சேர்ந்தாலே 0.2 மில்லிகிராம்தான் வருகிறது, அதிலும் களைந்த தண்ணீரோடும் வடித்த கஞ்சியோடும் ஒரு பங்கு போய்விடுகிறது.

ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசி இந்த ஓட்டையை அடைக்கும் என்று எண்ண வேண்டாம். அதில் கட்டாயமாகச் சேர்ப்பவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும். பி1 அந்தக் கட்டாயத்தில் இல்லை. அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிற வீடுகள் இரும்பையும் சேர்த்தே எறிகின்றன. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். தயமின் கணக்கில் அது சின்ன விஷயம் இல்லை.

பூண்டு காட்டிக் கொடுத்த வழி

தயமின் மாத்திரை மலிவு. பிறகு எதற்குப் புதிதாக ஒன்று? சிக்கல் குடலில் இருக்கிறது. தயமின் மூலக்கூறின் கந்தக வளையத்தில் ஒரு நேர்மின்னூட்டம் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் தண்ணீரில் நன்றாகக் கரையும், கொழுப்பாலான செல் சவ்வைத் தாண்டாது. ஏற்றிச் செல்லத் தனிப் புரதங்கள் வேண்டும். அவை டவுன் பஸ் மாதிரி. நிரம்பிவிட்டால் நிறுத்தத்தில் நிற்பவர்கள் நிற்க வேண்டியதுதான். 100 மில்லிகிராம் மாத்திரை போட்டாலும் உள்ளே ஏறுவது சில மில்லிகிராம். உடம்பு சேர்த்துவைக்கிற மொத்தக் கையிருப்பே 25 முதல் 30 மில்லிகிராம். வரவு அடியோடு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் அது தீர்ந்துவிடும்.

1950களின் தொடக்கத்தில் கியோட்டோவில் ஃபுஜிவாரா குழு பூண்டையும் தயமினையும் சேர்த்துப் பார்த்தது. பூண்டை நசுக்கும்போது வருகிற அல்லிசின் தயமினோடு சேர்ந்து அல்லிதயமின் என்ற புதுப்பொருளானது. வளையம் திறந்து, மின்னூட்டம் போய், கந்தகம் இன்னொரு கந்தகத்தோடு கைகோத்துக்கொண்ட வடிவம் அது. இப்போது சவ்வைத் தாண்ட பஸ் தேவையில்லை, நடந்தே போய்விடும். உள்ளே போனதும் செல்லில் உள்ள குளுட்டதயோன் என்ற பொருள் அந்தக் கந்தகப் பிணைப்பை அவிழ்க்கும், வளையம் மூடிக்கொள்ளும், பழைய தயமின் கிடைக்கும். ஜப்பானிய மருந்து நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டு வரிசையாகச் செய்தன. முதலில் புரோசல்டியமின், பிறகு பூண்டு நாற்றம் குறைந்த ஃபர்சல்டியமின், 1960களில் சல்புடியமின்.

சல்புடியமினில் பிணைத்திருப்பது இரண்டு தயமின்கள். வளையம் திறந்த இரண்டும் நடுவில் கந்தகத்தோடு கந்தகம் கோத்து, ஒவ்வொன்றின் வாலிலும் ஐசோபியூட்டிரிக் அமிலத் தொப்பி ஒன்று. தொப்பியால் கொழுப்பில் கரைவது இன்னும் கூடுகிறது. தண்ணீரில் போட்டால் பொடி கரையாமல் மேலே கட்டிகட்டியாக மிதக்கும். கலப்படம் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை, அதன் குணமே அதுதான். கசப்பும் கடுமையானது.

மாத்திரைக்குள் எவ்வளவு வைட்டமின் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சல்புடியமினின் மூலக்கூறு எடை சுமார் 703. அதற்குள் இருக்கிற இரண்டு தயமின்களின் எடை 265 வீதம் 530. ஆக 200 மில்லிகிராம் மாத்திரை முழுவதும் உடைந்தால் 150 மில்லிகிராம் தயமின். உட்கார்ந்து வேலை செய்பவரின் ஒரு நாள் தேவையைப்போல நூறு மடங்குக்கும் மேல். இரண்டு மூன்று மாத்திரை போடச் சொல்லும்போது நாம் பேசுவது ஊட்டச்சத்து அளவைப் பற்றி இல்லை, மருந்து அளவைப் பற்றி. தயமினுக்கு உச்ச வரம்பு கிடையாது, மிச்சம் மூத்திரத்தில் போய்விடும் என்று விற்பவர்கள் சொல்வது தயமினுக்குச் சரி. உடைவதற்கு முன்னால் சல்புடியமின் தனி மருந்து. அந்தச் சலுகையை அப்படியே இதற்கு எழுதித் தர முடியாது.

எலிகளிடம் இது மூளைவரை போய்த் தயமின் வகைப் பொருட்களை உயர்த்துகிறது என்பது பரிசோதனையில் தெரிந்த விஷயம். எலியின் மூளை முன்பகுதியில், டோபமின் என்ற மூளைச் செய்திப் பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு வகையின் எண்ணிக்கையை மாற்றுகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். ஞாபகம், ஊக்கம் என்ற விளம்பரச் சொற்கள் பெரும்பாலும் இந்த எலிகளிடமிருந்து வந்தவை.

மனிதர்களிடம் பார்த்தது

பேசத் தகுந்த சோதனைகள் சில மட்டும்தான். அவற்றில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இந்தியாவில் நடந்து 2003-ல் வெளிவந்தது ஒன்று. தொற்றுநோயோடு வந்த சோர்வுக்கு, அந்தந்தத் தொற்றின் மருந்தோடு சல்புடியமினையும் சேர்த்து 15 நாள் கொடுத்தார்கள். 1,772 பேர். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குச் சோர்வு அறிகுறிகள் முழுமையாகப் போயின. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாத்திரை இல்லாமல் விட்ட குழு எதுவும் அதில் இல்லை. காய்ச்சல் இறங்கி, மருந்து முடிந்து, இரண்டு வாரம் கஞ்சியும் ரசமுமாக ஓய்வெடுத்தவருக்கு அசதி தானாகவே எவ்வளவு போயிருக்கும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் மாத்திரைக்குப் பெயர் கொடுக்க முடியாது.

1999-ல் பிரான்ஸிலிருந்து வெளியான சோதனை அந்த ஓட்டையை அடைத்திருந்தது. தொற்றுக்குப் பிறகும் நீடித்த சோர்வுள்ள 326 பேர். ஒரு குழுவுக்கு 400 மில்லிகிராம், ஒன்றுக்கு 600, ஒன்றுக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஏழாம் நாள் 600 எடுத்த பெண்களுக்குச் சோர்வு சற்றுக் குறைந்திருந்தது. 28-ஆம் நாள் மூன்று குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. முதல் வாரத்தில் ஏதோ ஒரு தூக்கல், அப்புறம் சமம். இணையத்தில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் "முதல் சில நாள் நல்லா இருந்துச்சு, அப்புறம் ஒண்ணும் தெரியல" என்று எழுதுவதும் இதே வடிவம்தான். தூக்கல் போனதும் அளவைக் கூட்டுவது அடுத்த தவறு.

அளவைக் கூட்டிக்கொண்டே போனால் எங்கே முடியும் என்பதற்கு 2006-ல் கிரேக்க மருத்துவர்கள் பதிவுசெய்த ஒரு நோயாளி இருக்கிறார். இருமுனை மனநோய் உள்ளவர்; சல்புடியமினை அளவு மீறி எடுத்ததால் மனநோய்க்கான சிகிச்சையே தடுமாறியது. ஒரே ஒருவரின் கதைதான். ஆனாலும் இருமுனைக் கோளாறோ மனக்கிளர்ச்சியோ உள்ள குடும்பத்தில், வைட்டமின்தானே என்று இதை வாங்கிக் கொடுக்கக் கூடாது.

மற்றபடி வரும் தொல்லைகள் தலைவலி, குமட்டல், தோலில் தடிப்பு, படபடப்பு, தூக்கமின்மை. 

கடையில் நடக்கும் குழப்பம்

சல்புடியமின் கேட்டு வருபவருக்கு நம் ஊர் மெடிக்கலில் சுலபமாகக் கைக்கு வருவது பென்ஃபோதயமின். அதுவும் ஜப்பானில் பிறந்த தயமின் சொந்தம்தான், ஆனால் குணம் வேறு. குடலில் நன்றாக உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் தயமினை உயர்த்தும். மூளைக்குள் உயர்த்துவதில்லை என்று எலிச் சோதனைகள் காட்டின. இங்கே அது சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு மெத்தில்கோபாலமின் என்ற பி12 வடிவத்தோடு சேர்ந்து வரும், சில அட்டைகளில் ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மருந்தும் கூடவே இருக்கும். "அதே சாதிதான், இதையே எடுத்துக்கோங்க" என்று கொடுக்கும்போது ப்ரீகாபலின் இருக்கிற அட்டை வந்துவிட்டால் தெம்புக்கு வாங்கியவர் தூங்கி வழிவார், பைக்கில் போனால் ஆபத்து. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பது அரை நிமிட வேலை.

வெளிநாட்டிலிருந்து பொடியாக வரவழைப்பவர்களுக்கு வேறு தலைவலி. சமையலறை எலக்ட்ரானிக் தராசு 1 கிராம் வரைதான் காட்டும். 200 மில்லிகிராம் என்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு, தராசு அசையவே அசையாது. கண்ணளவில் கால் கரண்டி எடுப்பவர் எத்தனை மாத்திரை அளவை விழுங்குகிறார் என்று அவருக்கே தெரியாது. நகைக்கடைத் தராசு மாதிரி மில்லிகிராம் காட்டுவது இருந்தாலும், பைக்குள் இருப்பது எழுதியிருக்கும் பொருள்தானா என்பதைத் தராசு சொல்லாது.

நேரம் தவறுவதுதான் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நடக்கும் பெரிய தவறு. மருந்துச் சீட்டில் காலைச் சாப்பாட்டோடு என்று இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு சி ஷிப்ட் ஏறி விடிகாலை ஆறு மணிக்கு இறங்குபவருக்குக் காலை என்பது தூங்கப் போகும் நேரம். சீட்டில் எழுதியபடி காலை ஏழு மணிக்கு மாத்திரையும் போட்டு ஒரு ஸ்ட்ராங் டீயும் குடித்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு வரும்போது அவர் பாயில் புரண்டுகொண்டிருப்பார். அன்றிரவு இன்னும் அசதி, இன்னொரு மாத்திரை. ஷிப்ட் ஆட்கள் காலை என்பதைத் தூங்கி எழுந்த பிறகு வரும் முதல் சாப்பாடு என்று படித்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுபவருக்கு இதைவிட அடிப்படையான விஷயம், பகலில் ஆறேழு மணி நேரத் தூக்கத்துக்கு இருட்டான அறை. ஜன்னலில் கறுப்புத் துணி கட்டுவது எந்த மாத்திரையை விடவும் மலிவு.

விடுதிப் பள்ளிகளில் பிளஸ் டூவும் நீட்டும் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை அனுப்பிவைக்கலாமா என்று கேட்கிற பெற்றோர் உண்டு. கூடாது. இது பெரியவர்களுக்கான மருந்து. ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழும் பிள்ளையின் மறதிக்குக் காரணம் அந்த ஐந்து மணி நேரம்தான். பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் உண்டு.

எந்தச் சோர்வு

அந்த இன்னொன்று ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, ஆணுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று பெயர். ஒன்பதில் நிற்கிற ரத்தம் ஆக்ஸிஜனையே பற்றாக்குறையாகக் கொண்டுவரும்போது, உலை வாசலில் தயமினைக் குவித்து என்ன பயன்? இங்கே ராகிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அதில் உள்ள ஃபைட்டேட்டும் துவர்ப்புச் சத்தும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் ஓரளவு விடும். களியோடு கீரையும் ஒரு எலுமிச்சைப் பிழிவும் நல்ல சேர்க்கை. இரும்பு மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் பாதி வீண்.

அடுத்தது சர்க்கரையும் தைராய்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். பார்த்துக்கொள்ளாமல் தெம்பு மாத்திரை வாங்குவதற்குச் சாக்கு இல்லை. ஏற்கெனவே மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுபவருக்கு பி12 குறையும். அசதியும் கால் மரப்பும் பி1 குறைவைப் போலவே தெரியும், ஆனால் பி1 கொடுத்தால் தீராது. நீர் பிரிய ஃப்ரூஸ்மைடு மாத்திரை போடும் இதய நோயாளிகளுக்கோ நிஜமாகவே தயமின் மூத்திரத்தில் கூடுதலாகப் போகும். இவர்கள் டாக்டரிடம் பி1 பற்றிக் கேட்பது நியாயம்.

ஒழுங்கான முதல் சுற்றுப் பரிசோதனை என்பது முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பு), மூன்று மாதச் சர்க்கரை, டிஎஸ்எச் (தைராய்டு), பி12, கிரியாட்டினின் (சிறுநீரகம்). தயமினைத் தனியாக அளக்கும் பரிசோதனை சின்ன லேபில் கிடைக்காது, பெரிய லேபுக்கு ரத்தம் அனுப்ப வேண்டும். அதையும் மாத்திரை தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். தொடங்கிய பிறகு எடுத்தால் முந்தின வாரம் விழுங்கியதுதான் காகிதத்தில் தெரியும்.

இந்தப் பக்கம் நிஜமாக பி1 காலியாகிற கூட்டம் ஒன்று உண்டு, அது இணையத்தில் சல்புடியமின் தேடுவதில்லை. சாராயத்தையே சாப்பாடாக்கிக்கொண்டவர்கள். சாராயம் தயமின் உறிஞ்சுவதையும் கெடுக்கும், சோற்றையும் விரட்டும். இவர்களை நாலு நாள் சாப்பிடாத நிலையில் கூட்டிவந்து, "ரொம்ப டயர்டா இருக்காரு, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க சார்" என்று வீட்டார் கேட்பது வழக்கம். 500 மில்லி 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிக்குள், இரண்டு இட்லிக்குச் சமம். ஆனால் அந்தச் சர்க்கரையை எரிக்கத் தயமின் வேண்டும். கையிருப்பில் துளிதான் மிச்சம் இருப்பவருக்கு அதுவும் கரைந்து, மூளை பாதிக்கும் வெர்னிக்கே நிலை வெளிப்படலாம். கண் ஒரு பக்கமாக இழுப்பது அல்லது கருவிழி துடிப்பது, நடை தள்ளாடுவது, பேச்சும் நினைவும் குழம்புவது. இன்னும் போதை இறங்கவில்லை என்று படுக்கவைத்துவிட்டால் நிரந்தர ஞாபக இழப்பில் முடியும். இங்கே மாத்திரை எதுவும் உதவாது, சல்புடியமினும் சேர்த்து. தயமின் ஊசி நரம்பில் ஏற வேண்டும், குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குக் கூட்டிப்போகிறவர்கள், குடிக்கிறவர், இத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்ற இரண்டு செய்தியையும் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்ல வேண்டும். மசக்கையில் வாரக்கணக்காக வாந்தியெடுக்கும் கர்ப்பிணிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சமையலறையில் தயமினைக் கொல்வது சோடா உப்பு. காரத்தில் அதன் வளையம் உடைந்துவிடும். கொள்ளும் மொச்சையும் சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு சிட்டிகை போடுவதை விட்டு, ராத்திரியே ஊறவைத்துக் குக்கரில் வைக்கலாம். ஊறிய தண்ணீரையும் கொட்ட வேண்டாம், பி1 அதில் இறங்கியிருக்கும். சோற்றை வடிக்காமல் பொங்கினாலோ, வடித்த கஞ்சியைக் குடித்தாலோ பாதி தப்பும். சாப்பாட்டு நேரத்து டீயும் ஓயாத பாக்கும் தயமினுக்கு எதிரி.

எல்லாம் பார்த்த பிறகும் டாக்டர் சல்புடியமின் எழுதிக் கொடுத்தால், வழக்கமான அளவு நாளுக்கு 200 மில்லிகிராம் மாத்திரை இரண்டு முதல் மூன்று, எழுந்த பின் வரும் முதல் சாப்பாட்டோடு. பிரெஞ்சுக் குறிப்பு நான்கு வாரத்தோடு நிறுத்தச் சொல்கிறது. தொடங்குமுன் ஒரு நோட்டில் எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை டீ, அசதி பத்துக்கு எத்தனை என்று ஒரு வாரம் எழுதிவைத்து, மாத்திரை ஆரம்பித்த பிறகும் அதே நேரத்தில் எழுத வேண்டும். ஏழாம் நாள் எண்ணை நம்ப வேண்டாம். 28-ஆம் நாள் எண் தொடங்கும் முன் இருந்த இடத்திலேயே நின்றால் அட்டையை மறுபடி வாங்காமல், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பப் போவதுதான் வேலை.